இருளும் தெளிவும்

மின்விளக்கு அறியாத காலத்து நகரமொன்றின் இரவை இன்று எண்ணிப் பார்ப்பது எளிதன்று. கதிரவன் மறைந்ததும் கடைகள் அடைபடும், தெருக்கள் இருண்டுவிடும். ஒலிவ எண்ணெய் ஊற்றிய சிறு மண்விளக்கு வீட்டின் ஒரு மூலைக்கே ஒளி தரும். அந்த எண்ணெய்க்கும் காசு வேண்டும். ஆகவே ஏழைக்கு இரவென்பது உறக்கம். செல்வனுக்கு இரவென்பது விருந்து. திருடனுக்கோ அதுவே தொழில் செய்யும் வேளை. உறங்குபவன், குடிப்பவன், திருடன் ஆகிய இம்மூவரையும் ஒரே பகுதியில் நிறுத்திப் பேசும் கடிதமொன்று ஏறக்குறையக் கி.பி. 50 ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. புதிய ஏற்பாட்டு நூல்களுள் காலத்தால் முந்தியது அதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும்.

எழுதியவர் பவுல் அடிகளார். ‘பவுலுஸ்’ என்னும் இலத்தீன் பெயர்க்குச் சிறியவர் என்பது பொருள். ஆதலின் தமிழ்க் கத்தோலிக்க மக்கள் நெடுங்காலமாக இவரைச் சின்னப்பர் என்றே வழங்கி வந்தனர். கடிதம் சென்ற இடம் மக்கெதோனியா நாட்டுத் துறைமுகமாகிய தெசலோனிக்கா நகரம். உரோமர் அமைத்த எஞ்ஞாத்தியப் பெருவழி அந்நகரைத் தொட்டுச் சென்றமையால் வணிகமும் மக்கள் நடமாட்டமும் மிகுந்திருந்தன. அங்கே பவுல் தங்கிய காலம் குறுகியது. எவர்க்கும் பாரமாகாதபடி இரவும் பகலும் கையால் உழைத்துக்கொண்டே போதித்ததாக அவர் அக்கடிதத்தில் நினைவூட்டுகின்றார். பிறர் உறங்கிய இரவுகளில் அவர் கைத்தொழில் செய்திருந்தார் என்பதை மனத்திற் கொண்டால், இரவைப் பற்றி அவர் கூறுவன வெறும் அணியழகிற்காகக் கூறப்பட்டன அல்ல என்பது விளங்கும்.

கலகம் ஒன்று மூண்டது. அவரைத் தேடிவந்த கூட்டம் அவரைக் காணாமையால், அவர்க்கு இடங்கொடுத்த யாசோன் என்பானையும் வேறு சிலரையும் நகர அதிகாரிகளிடம் இழுத்துச் சென்றது. யாசோன் முதலியோர் பிணைகொடுத்து மீண்டனர். அன்றிரவே சகோதரர்கள் பவுலையும் அவருடன் வந்த சீலாவையும் பெரோயா என்னும் ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். போதகர் இருளில் வெளியேறினார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அயலவரின் பகைக்கு நடுவே தனித்து நின்றனர்.

அக்கூட்டத்திற் சிலர் பின்னர் இறந்துபோயினர். ஆண்டவர் மீண்டும் வருவார் என்று காத்திருந்தவர்களுக்கு இம்மரணம் பெரிய அதிர்ச்சியாயிற்று. அவர் வருமுன்பே மாண்டவர்கள் கதி என்ன? அவர் வருவது எப்பொழுது? கொரிந்து நகரிலிருந்த பவுலுக்கு இக்கலக்கம் எட்டியது. அவர் நாள் குறித்துக் கொடுக்கவில்லை. சமாதானமும் பாதுகாப்பும் நிலைத்துவிட்டன என்று உலகம் சொல்லிக்கொண்டிருக்கும் வேளையிலேயே, இரவில் வரும் திருடனைப்போல அந்நாள் வரும் என்றார். உறங்குபவர் இரவிலே உறங்குவர். குடிப்பவர் இரவிலே வெறிகொள்வர். ஒளிக்கும் பகலுக்கும் மக்களாயினோர் விழித்திருத்தலும் தெளிந்திருத்தலும் வேண்டும் என்பது அவர் உரைத்ததன் சாரம். இவ்வளவு கண்டிப்பாக உறக்கத்தைக் கடிந்தவர், அப்பகுதியின் முடிவில், விழித்திருந்தாலும் உறங்கினாலும் அவர்கள் கிறிஸ்துவோடு வாழ்வர் என்று ஆறுதல் கூறுகின்றார். மாண்டோரைக் குறித்த கலக்கத்திற்கு இதுவே விடை. கடிதத்தை ஊன்றிப் படியாதவர் கண்டிப்பை மாத்திரம் கண்டு இந்த ஆறுதலைத் தவற விடுவர். மாண்டோரை உறங்குவோர் என்று கூறும் வழக்கம் அக்கடிதத்திலேயே காணப்படுகிறது. கிறிஸ்தவர் தம் இடுகாட்டை உறங்குமிடம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அழைத்தனர். ஆங்கிலத்தில் இடுகாட்டைக் குறிக்க வழங்கும் சொற்களுள் ஒன்று அதன் வழிவந்ததேயாம்.

ஒளியின் மக்கள் என்னும் தொடர் பவுல் புதிதாகப் படைத்ததன்று. 1947 ஆம் ஆண்டு முதல் சாக்கடலின் அருகேயுள்ள கும்ரான் குகைகளிற் கண்டெடுக்கப்பட்ட ஏட்டுச் சுருள்களுள், ஒளியின் மக்களுக்கும் இருளின் மக்களுக்கும் நிகழவிருக்கும் போரை விரித்துரைக்கும் நூலொன்றும் உண்டு. அங்கே படையணிகளும் வாளும் வேலும் விரிவாகப் பேசப்படுகின்றன. தெசலோனிக்காவுக்கு எழுதிய பவுலும் போர்க்கோலத்தைக் கூறுகிறார். ஆயினும் அவர் கூறுவன மார்புக் கவசமும் தலைச்சீராவும் மட்டுமே. விசுவாசமும் அன்பும் கவசம். மீட்பின் நம்பிக்கை தலைச்சீரா. அவ்விடத்தில் வாள் இல்லை. இருளில் இருப்பவனை வெட்டி வீழ்த்துவதற்காக அன்று, தான் உறங்கிவிடாமற் காத்துக்கொள்வதற்காகவே அந்தக் காவலாளி கவசம் அணிகின்றான்.

தெளிந்திருத்தல் என்பதற்கு அவர் ஆண்ட கிரேக்கச் சொல், மதுவின் மயக்கம் இன்றியிருத்தலை முதற்பொருளாக உடையது. அதன் பெயர்ச்சொல்லாகிய ‘நேப்சிஸ்’ என்பது பிற்காலத்தில் துறவியரிடையே பெரும் மதிப்புப் பெற்றது. தமிழில் இதற்குத் தெளிவு என்னும் சொல் வாய்த்தமை நற்பேறே. கலங்கிய நீர் தெளிகின்றது. நோயாளிக்கு மயக்கம் தெளிகின்றது. குடித்தவனுக்கு வெறி தெளிகின்றது. ஐயுற்றவன் உண்மையைத் தெளிகின்றான். இந்த நான்கு பொருளையும் ஒருசேர மனத்திற் கொண்டால் ஆதிக் கிறிஸ்தவ ஆசிரியர் கருதியதை ஒருவாறு உணரலாம். பழந்தமிழர் தெளிந்த கள்ளுக்கே தேறல் என்று பெயரிட்டது வேறு கதை. அறிவைக் கலக்கும் பொருளை முதலில் தெளிவித்துக்கொண்டு பின்னரே கலங்கினர் போலும்.

பிற்காலத்து மதுவிலக்குப் பிரசாரகர் இத்தகைய பகுதிகளைத் தம் கட்சிக்கு ஆதாரமாகக் காட்டுவதுண்டு. குடியின் கேட்டை எடுத்துரைப்பதில் தவறேதும் இல்லை. ஆயின் ஆதித் திருச்சபையின் போதனையை மதுக்கிண்ணத்தோடு நிறுத்திவிடுவது அதனைக் குறுக்குவதாகும். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட நிருபம் அவர் வயிற்று நோயின் பொருட்டுச் சிறிது திராட்சரசம் அருந்துமாறு கூறுகிறது. அலெக்சாந்திரியா நகரத்து ஆசிரியர் கிளெமெந்து, இரண்டாம் நூற்றாண்டின் இறுதியை அடுத்து எழுதிய ஒழுக்க நூலில், தண்ணீரையே பருகி வாழ்வோரைப் போற்றுகின்றார். இளைஞர் மதுவை அறவே தவிர்த்தல் நன்றென்கிறார். முதியோர்க்கு அளவோடு இடமளிக்கின்றார். உறக்கத்தைப் பற்றியும் அவர் அதே நூலில் விதி கூறுகின்றார்: எளிதில் எழக்கூடியதாய் உறங்க வேண்டும். உண்ணுதல், உடுத்தல், சிரித்தல் என எல்லாவற்றிற்கும் விதி வகுத்த அவரைப் படிக்கும்போது, கண்டிப்பான பள்ளியாசிரியர் ஒருவர் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. நூலின் பெயரும் ‘பாலர் ஆசான்’ என்ற பொருளுடையதே.

தண்ணீரைப் பற்றிய சிக்கல் ஒன்று மூன்றாம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவில் எழுந்தது. சில இடங்களிற் காலைத் திருவிருந்தின் கிண்ணத்தில் திராட்சரசம் விடாது தண்ணீர் மட்டுமே வைத்தனர். கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியான் இதனைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். காலை வேளையில் வாயில் மது மணந்தால் கிறிஸ்தவர் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சமும் சிலர்க்கு இருந்ததென்பது அக்கடிதத்தால் அறியக் கிடக்கின்றது. தண்ணீர்க் கிண்ணம் இங்கே தெளிவின் அடையாளமன்று, அச்சத்தின் அடையாளம். ஆண்டவரின் கிண்ணம் மயக்குவதன் வாயிலாகவே தெளிவிக்கின்றது என்று சிப்பிரியான் விளக்கினார். தெளிந்த வெறி என்னும் இம்முரண் கருத்தை அவர்க்கு முன்பே அலெக்சாந்திரியா நகரத்து யூத ஞானி பிலோன் ஆண்டிருந்தார். தன்னை மறப்பதிலும் இருவகை உண்டு: ஒன்று அறிவை இழப்பது, மற்றையது தன்னலத்தை இழப்பது. இதனை எழுதிய சிப்பிரியான் 258 ஆம் ஆண்டில் வெட்டுண்டு இறந்தார். அச்சத்தைப் பற்றிப் பேச அவர்க்கு உரிமை இருந்தது.

விழித்திருக்க வேண்டும் என்ற போதனை கிறிஸ்தவரை இரவிலேயே கூட்டியது என்பது கவனிக்கத்தக்கது. பகலின் மக்கள் என்று தம்மைக் கூறிக்கொண்டவர்கள் பொழுது விடியுமுன் எழுந்து கூடினர். பித்தினியா நாட்டை ஆண்ட பிளினி, ஏறக்குறைய 112 ஆம் ஆண்டில் பேரரசன் திராயானுக்கு எழுதிய அறிக்கையில் இதனைக் குறிக்கின்றான். குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகக் கருதி மாறி மாறிப் பாடுவதும், களவு முதலிய குற்றங்கள் செய்வதில்லை என்று உறுதி பூணுவதுமே அவர்கள் செய்தவை என்று விசாரணையில் அவனுக்குத் தெரியவந்தது. இருளிற் கூடுவோர் மீது ஊரார் ஐயங்கொள்வது எக்காலத்தும் உள்ளதே. கிறிஸ்தவர் விருந்தில் விளக்கை நாய் கவிழ்த்துவிடும், பின் சொல்லொணாத ஒழுக்கக் கேடுகள் நடைபெறும் என்றெல்லாம் வதந்தி உலவியது. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் 197 ஆம் ஆண்டளவில் எழுதிய மறுப்புரையில் இவ்வதந்தியை எள்ளி நகையாடிவிட்டு, உண்மையில் நடப்பதை விவரிக்கின்றார். இரவிலும் கடவுளை வழிபட வேண்டும் என்ற நினைவோடு அவர்கள் அளவாக உண்டு பருகுவர். கைகழுவி விளக்குகள் கொணர்ந்த பின், ஒவ்வொருவரும் நடுவில் நின்று பாடுமாறு அழைக்கப்படுவர். ஒருவன் எவ்வளவு குடித்தான் என்பது அப்பொழுது தெரிந்துவிடும் என்கிறார் தெர்த்துல்லியன். தெளிவைச் சோதிக்க இதனினும் எளிய வழி இல்லை.

விழிப்பு எல்லார்க்கும் கைகூடவில்லை என்பதையும் அவர்களுடைய நூல்கள் மறைக்கவில்லை. கெத்செமனித் தோட்டத்தில் இயேசு விழித்திருக்குமாறு வேண்டியும் முதன்மைச் சீடர் மூவரும் உறங்கிப்போயினர். துரோவா என்னும் ஊரில் விளக்குகள் பல ஏற்றிய மேல்வீட்டில் பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தபோது, பலகணியில் அமர்ந்திருந்த ஐத்திகு என்னும் இளைஞன் உறங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். இறந்தவனாக எடுக்கப்பட்ட அவன் பின் உயிரோடு வீடு சேர்ந்தான். பவுலோ மேலே ஏறி விடியும்வரை பேச்சைத் தொடர்ந்தார். நீண்ட பேச்சாளர்க்கும் களைத்த கேட்பவர்க்கும் இக்கதையிற் பாடமுண்டு.

நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவ சமயம் அரச ஆதரவு பெற்றபின் இவ்வெண்ணம் சடங்காகவும் அமைந்தது. எருசலேமில் ஞானஸ்நானம் பெறுவோர் உயிர்த்தெழுதல் திருநாளின் இரவில், முதலில் மேற்குத் திசையை நோக்கிக் கைநீட்டிச் சாத்தானை மறுத்துரைப்பர். கதிரவன் மறையும் திசை இருளின் இடம் என்பது கருத்து. பின்பு கிழக்கே திரும்பித் தம் விசுவாசத்தை அறிக்கையிடுவர். ஆயின் திசையை மாற்றியவர் அனைவரும் மனத்தையும் மாற்றினர் என்று சொல்ல இயலாது. இதனை நன்குணர்ந்தவர் எகிப்தின் பாலைநிலம் சென்ற துறவியர்.

அவர்களுள் எவாக்கிரியுஸ் என்பார், 399 ஆம் ஆண்டில் மறைந்தவர், மனத்தை மயக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். உணவாசை, காமம், பொருளாசை, துயரம், சினம், சோர்வு, வீண்புகழ், செருக்கு என்பன அவை. இவற்றுள் சோர்வைப் பற்றி அவர் எழுதியிருப்பது மனித உள்ளத்தை அறிந்தவர் எழுத்து. அதனை அவர் நண்பகற் பேய் என்று குறிக்கின்றார். காலை பத்து மணியளவில் அது வந்து பிடிக்கும்; பிற்பகல் இரண்டு மணி வரை விடாது. கதிரவன் அசையாது நிற்பதுபோலவும், பகல் ஐம்பது மணி நேரம் நீண்டுவிட்டது போலவும் துறவிக்குத் தோன்றும். உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று வெளியே வந்து கதிரவனைப் பார்ப்பான். இருக்கும் இடம் கசக்கும். அன்பு செய்வார் எவரும் இல்லை என்று எண்ணுவான். வேறிடம் சென்றால் எல்லாம் நன்றாகும் என்று கனாக் காண்பான். அவன் ஒரு துளி மதுவும் அருந்தியதில்லை. பாலைநிலத்து உச்சி வெயிலில் நிற்கிறான். எனினும் அவனுக்கு அது இரவு. தெசலோனிக்காவுக்கு எழுதப்பட்ட கடிதம் இரவென்று கூறியது கடிகாரத்து இரவையன்று என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் தேடவேண்டுவதில்லை. இவ்வழியில் வந்த கீழைத் திருச்சபைத் துறவியரின் நூல்கள் தொகுக்கப்பட்டு 1782 ஆம் ஆண்டில் வெனிசு நகரில் அச்சேறியபோது, தெளிவுடைய தந்தையரின் நூல் என்னும் பொருள்படவே அத்தொகுப்பிற்குப் பெயர் அமைந்தது.

இருள் முழுவதும் தீயதோ என்ற வினாவும் எழுகின்றது. நீசா நகரத்துக் கிரகோரியார் மோயீசனின் வாழ்வைக் குறித்து எழுதிய நூலில் அரிய கருத்தொன்றைக் காணலாம். மோயீசனுக்குக் கடவுள் முதலில் எரியும் செடியின் ஒளியிலும், பின்னர் மேகத்திலும், இறுதியில் மலைமேற் சூழ்ந்த காரிருளிலும் தோன்றினார். அறியாமையிலிருந்து வருபவனுக்கு முதலில் ஒளி. கடவுளை அணுகுந்தோறும், தன் அறிவு அவரை எட்டாது என்று உணர்வதே காட்சி. அதனை ஒளிவீசும் இருள் என்றார் அவர். கிரகோரி என்ற பெயர்க்கு விழித்திருப்பவன் என்பது பொருள். இருளைப் புகழ்ந்தவர்க்கு அப்பெயர் அமைந்தது பொருத்தமே. மயங்கியவன் காணாத இருளும் தெளிந்தவன் காணாத இருளும் வெவ்வேறு. முன்னையவன் தான் காணவில்லை என்பதையே அறியான்.

பாலைநிலத்தையும் மலையுச்சியையும் விட்டு நகரத்துக்கு வந்தால், இப்போதனை ஒருவருடைய வாழ்வில் எவ்வாறு வேலை செய்தது என்பதைக் காண அகுஸ்தீனாரின் வரலாறு உதவும். 385 ஆம் ஆண்டளவில் அவர் மிலான் நகரில் நாவன்மை கற்பிக்கும் பேராசிரியர். பேரரசனைப் புகழ்ந்து உரையாற்றும் பொறுப்பு அவரிடம் வந்தது. பொய்களை அடுக்க வேண்டும். பொய்யென்று அறிந்தவர்களே கைதட்டுவர். அந்தக் கவலை நெஞ்சை அரிக்க, நண்பர் சிலருடன் தெருவழியே செல்கையில் ஒரு பிச்சைக்காரனைக் கண்டார். அவன் குடித்துவிட்டு மகிழ்ச்சியோடு வேடிக்கை பேசிக்கொண்டிருந்தான். இரந்து பெற்ற சில காசுகளால் அவன் அடைந்த களிப்பைத் தேடியல்லவா இவ்வளவு பாடுபடுகின்றோம் என்று அகுஸ்தீனார் நண்பரிடம் கூறி வருந்தினார். அவன் களிப்பு உண்மைக் களிப்பன்று. ஆயினும் இவர் தேடிய புகழும் உண்மைப் புகழன்று. ஒரு வேறுபாடு மாத்திரம் அவர்க்குப் புலப்பட்டது. பிச்சைக்காரனின் வெறி அன்றிரவு உறங்கியதும் தீர்ந்துவிடும். இவரோ தம் வெறியோடு உறங்கி, அதனோடு எழுந்து, மறுபடியும் அதனோடு உறங்கப் போகிறவர். எத்தனை நாளைக்கு என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

அவருடைய அன்னை மோனிக்கா அம்மையாரின் இளமைக் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. சிறுமியாயிருந்தபோது வீட்டுப் பீப்பாயிலிருந்து மது மொண்டுவர அனுப்பப்படுவார். விளையாட்டாய் நுனி உதட்டால் சிறிது சுவைத்த பழக்கம் நாளடைவில் கிண்ணம் கிண்ணமாகப் பருகும் அளவுக்கு வளர்ந்தது. உடன் செல்லும் அடிமைப்பெண் ஒருநாள் சண்டையில் அவரைக் குடிகாரி என்று இகழ்ந்தாள். அச்சொல் சுட்டது, பழக்கம் அன்றே நின்றது. பிற்காலத்தில் மிலானில், ஆபிரிக்க வழக்கப்படி மறைசாட்சிகளின் கல்லறைகளுக்கு அப்பமும் மதுவும் எடுத்துச் சென்ற அவரை வாயிற்காவலன் தடுத்தான். ஆயர் அம்புரோசியார் இட்ட தடை அது. குடியர்க்கு வாய்ப்பளிக்கக்கூடாது என்பதே காரணம் என்று அறிந்ததும், ஒரு சொல்லும் மறுத்துரையாது அம்மையார் அவ்வழக்கத்தைக் கைவிட்டார்.

386 ஆம் ஆண்டில் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் அகுஸ்தீனார் மனம் திரும்பிய நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. அன்று அவர் கண்ணிற்பட்டது பவுல் உரோமர்க்கு எழுதிய நிருபத்தின் பகுதி. அங்கும் இரவு கழிந்து பகல் நெருங்குகிறது. களியாட்டும் குடிவெறியும் காமமும் மட்டுமன்றிச் சண்டையும் பொறாமையும் அதே வரிசையில் கடியப்படுகின்றன. அகுஸ்தீனார் குடிகாரர் அல்லர். குடிவெறி தம்மை விட்டுத் தூரத்தில் இருப்பதாக அவரே எழுதியுள்ளார். எனினும் அப்பகுதியைப் படித்து முடித்தவுடனே நெஞ்சில் ஒளி புகுந்து ஐயமாகிய இருள் அகன்றது என்கிறார். பிச்சைக்காரனைக் கண்ட நாளில் தம் வெறி எதுவென்று அறிந்திராவிடின் அச்சொற்கள் தம்மைக் குறித்தவை என்று அவர் உணர்ந்திருப்பாரோ என்பது ஐயமே.

மறு ஆண்டு, 387 இல், தாயும் மகனும் ஆபிரிக்கா திரும்பும் வழியில் ஒஸ்தியாத் துறைமுகத்தில் தங்கினர். அங்கே அம்மையார் காய்ச்சலுற்று ஒன்பதாம் நாளில், தம் ஐம்பத்தாறாம் வயதில், உயிர் நீத்தார். மரணத்தை வென்ற விசுவாசம் உடையவன் அழலாகாது என்று எண்ணி மகன் கண்ணீரை அடக்கினார். அடக்கத்தின் போதும் அழவில்லை. குளித்துப் பார்த்தார், துயர் குறையவில்லை. பின்பு உறங்கினார். விழித்தபோது நெஞ்சின் பாரம் ஓரளவு தணிந்திருந்தது. படுக்கையில் தனியே கிடந்தவர்க்கு, அன்னையின் மதுக்கலயத்தைத் தடுத்த அதே அம்புரோசியார் இயற்றிய மாலைத் துதிப்பாடல் நினைவுக்கு வந்தது. பகலுக்கு ஒளியை அளித்தவரே களைத்த உடலுக்கு இரவையும் உறக்கத்தையும் அளித்தார் என்பது அப்பாடலின் பொருள். அதனை நினைந்ததும், அடக்கி வைத்திருந்த கண்ணீரை அவர் வழியவிட்டார். தமக்காகப் பல்லாண்டுகள் அழுத தாயின் பொருட்டு ஒரு மணி நேரத்தின் சிறு பகுதி அழுததைக் குற்றமென்று கருதுவோர் கருதட்டும் என்றும், அவர்கள் தம்மை நகையாது தம்மை நினைந்து அழுவாராக என்றும் எழுதி வைத்தார்.